வெளிச்சத்தோட அதிர்வெண்ணும் நம்ம கண்ணு பாக்குற கலரும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். ஒளியியல் பாடம் ஆரம்பிச்சாலே ஒவ்வொரு பேட்ச்லயும் அதே கேள்விங்க வேற வேற வாயில இருந்து வரும், பசங்க மட்டும் இல்ல, கூட்டிட்டு போக வர்ற அம்மாக்களும் வாசல்ல நின்னு கேப்பாங்க, ஜவுளிக்கடை வச்சிருக்கிற என் ஃப்ரெண்டும் கேப்பான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், இந்த கேள்விகள்ல பாதி குழப்பம் அதிர்வெண்ணையும் கலரையும் ஒரே விஷயமா நினைக்கிறதால வருது. அதிர்வெண் வெளிச்சத்துக்கிட்ட இருக்கு, கலர் நம்மகிட்ட இருக்கு. இத பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிய ஆரம்பிக்கும்.

கே: நம்ம கண்ணுக்கு தெரியுற வெளிச்சம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

சுமாரா 400 டெராஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 790 டெராஹெர்ட்ஸ் வரைக்கும். ஒரு டெராஹெர்ட்ஸ்னா நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு, அப்படின்னா சிவப்பு வெளிச்சம் ஒரு நொடியில 400 லட்சம் கோடி தடவைக்கு மேல அதிருது. அலைநீளத்துல சொன்னா 750 நானோமீட்டர்ல இருந்து 380 நானோமீட்டர் வரைக்கும். தலைமுடி ஒண்ணோட அகலத்துல சிவப்பு அலை ஏறக்குறைய நூறு வரிசையா நிக்கும், அவ்வளவு சின்னது.

டெராஹெர்ட்ஸ் கணக்குல உள்ள பிரிச்சு பாத்தா சிவப்பு 480 வரைக்கும், ஆரஞ்சு 510 வரைக்கும், மஞ்சள் ரொம்ப ஒல்லியா 510ல இருந்து 530 வரைக்கும், பச்சை 600 வரைக்கும், நீலம் 670 வரைக்கும், அதுக்கு மேல ஊதா. இந்த எல்லைக்கோடெல்லாம் நாம எழுதி வச்சது, வானவில்லுல எங்கயும் கோடு போட்டு பிரிச்சிருக்காது, அதனால ஒரு புக்ல 484ன்னும் இன்னொன்னுல 480ன்னும் இருந்தா எது சரின்னு சண்டை போட வேண்டாம்.

பாட்டு கத்துக்குற பிள்ளைங்களுக்கு நான் இப்படி சொல்லுவேன். கீழ் ஸ்தாயி சாவுக்கும் மேல் சாவுக்கும் அதிர்வெண் ரெண்டு மடங்கு வித்தியாசம். 400க்கும் 790க்கும் பாத்தா அதுவும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தான், ஆக நம்ம கண்ணு பாக்குறது மொத்தமே ஒரே ஒரு ஸ்தாயி. காது 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குது, அது பத்து ஸ்தாயி. எஃப்எம் ரேடியோ 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், எக்ஸ்ரே நம்ம கண்ணு பாக்குறதுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு மேல, எல்லாம் ஒரே குடும்பத்து மின்காந்த அலை தான், அவ்வளவு பெரிய குடும்பத்துல நமக்கு தெரியுறது இந்த ஒரு ஸ்தாயி.

கே: கலரை முடிவு பண்றது அதிர்வெண்ணா, அலைநீளமா? புக்ல ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டிருக்கே?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, மார்க் வர்ற கேள்வி இல்லன்னாலும் ஒவ்வொரு வருஷமும் இதுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவேன்.

வெற்றிடத்துல எல்லா வெளிச்சமும் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்துல போகுது. அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினா அந்த வேகம் வரும், அதனால வெற்றிடத்துல ஒண்ணு தெரிஞ்சா இன்னொன்னு தெரிஞ்ச மாதிரி. பிரச்சனை தண்ணிக்குள்ள போனா வருது. தண்ணியில வெளிச்சம் ஸ்லோ ஆகும், 1.33ஆல வகுத்துக்கணும், அதான் தண்ணியோட ஒளிவிலகல் எண். 700 நானோமீட்டர் சிவப்பு தண்ணிக்குள்ள 526 நானோமீட்டர் ஆயிடுது. அலைநீளப் பட்டியல்ல 526 நானோமீட்டர்னா பச்சை! ஆனா கிணத்துல குதிச்சு முங்கி நீந்துறவன் கண்ண திறந்து பாத்தா சிவப்பு டிராயர் சிவப்பா தான் தெரியுது.

ஏன்னா அதிர்வெண் மாறல. கட்டட வேலையில செங்கல்லை கைமாத்தி கைமாத்தி மேல ஏத்துவாங்க இல்லையா, அத யோசிங்க. கீழ நொடிக்கு ஒரு கல்லு போட்டா மேலயும் நொடிக்கு ஒரு கல்லு தான் போய் சேரும், நடுவுல ஆளுங்க நெருக்கி நின்னாங்கன்னா கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் குறையும், ஆனா எண்ணிக்கை மாறாது, மாறினா நடுவுல எங்கயோ கல்லு குமியணும் இல்ல காணாம போகணும். காத்துல இருந்து தண்ணிக்கு போற அலையும் அப்படித்தான்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, பசங்க அப்படியே வாயப் பிளப்பாங்க. நம்ம கண்ணுக்குள்ளயும் தண்ணி மாதிரி ஒரு திரவம் தான் நிறைஞ்சிருக்கு, அதோட ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட தண்ணியோடது தான். அப்போ 700 நானோமீட்டர் அலை விழித்திரைக்கு வந்து சேரும்போது 700ஆவே இருக்காது! புக்ல இருக்குற அலைநீளம் எல்லாம் வெளியில, வெற்றிடத்துல அளந்த நம்பர். விழித்திரையில இருக்குற மூலக்கூறு பாக்குறது ஃபோட்டான், அதாவது வெளிச்சத்தோட ஒரு துணுக்கு, எவ்வளவு சக்தி கொண்டு வருதுன்னு, அந்த சக்தி அதிர்வெண்ணை பொறுத்தது. சிவப்பு ஓரத்துல சுமாரா 1.65 எலக்ட்ரான் வோல்ட், ஊதா ஓரத்துல 3.3.

கே: வானவில்லுல ஏழு கலர் தானே?

நியூட்டன் ஏழுன்னு சொன்னாரு, அதனால ஏழு. 1666 வாக்குல அறையை இருட்டாக்கி ஜன்னல் கதவுல ஓட்டை போட்டு முப்பட்டகத்துல சூரிய வெளிச்சத்த பிரிச்சாரு, 1704ல வந்த ‘ஆப்டிக்ஸ்’ புத்தகத்துல கலர்களை சங்கீத ஸ்வரங்களோட பொருத்தி ஏழா வச்சாரு. கருநீலத்தை தனியா ஒரு கலரா கண்ணால பிரிச்சு பாக்குறவங்க ரொம்ப கம்மி. நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல், பேச்சுல நிறைய பேர் ப்ளூவையே ஊதான்னு தான் சொல்றோம், பாடப்புத்தகத்துல ஊதான்னா வயலட், அதனால விப்ஜியாரை தமிழ்ல எழுதும்போது பாவம் பிள்ளைங்க குழம்புதுங்க. கத்திரிப்பூ கலர்னு சொன்னா உடனே புரிஞ்சுடுது.

கே: வாடாமல்லி கலருக்கு அதிர்வெண் என்ன?

ஜவுளிக்கடை ஃப்ரெண்டோட கேள்வி. பதில்: அதுக்கு அதிர்வெண்ணே கிடையாது. காபிப்பொடி கலருக்கும் கிடையாது, ரோஸுக்கும் கிடையாது.

கேட்டா அதிர்ச்சியா தான் இருக்கும். நம்ம விழித்திரையில கலர் பாக்குற கூம்பு செல் மூணு வகை இருக்கு. ஒண்ணு 420 நானோமீட்டர் பக்கம் நல்லா வேலை செய்யும், அடுத்தது 534, மூணாவது 564. கடைசி ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் வெறும் 30 நானோமீட்டர், அந்த சின்ன வித்தியாசத்தை வச்சு தான் பழுத்த தக்காளியையும் காயையும் நாம பிரிக்கிறோம். எந்த வெளிச்சம் வந்தாலும் இந்த மூணும் எவ்வளவு எவ்வளவு தூண்டப்பட்டுச்சுங்கிற மூணு நம்பர் தான் மூளைக்கு போகுது. அதிர்வெண் என்னங்கிற தகவல் அங்கயே தொலைஞ்சு போச்சு.

இப்போ சிவப்பும் ஊதாவும் சேர்ந்து வருது, நடுவுல பச்சை இல்லவே இல்லன்னு வைங்க. தனி ஒரு அதிர்வெண்ணால இப்படி ஒரு தூண்டுதலை குடுக்கவே முடியாது, ஏன்னா சிவப்பு ஒரு ஓரம் ஊதா இன்னொரு ஓரம். அந்த கலவைக்கு மூளை குடுக்குற உணர்வு தான் வாடாமல்லி. வானவில்லை எவ்வளவு நேரம் உத்துப் பாத்தாலும் அந்த கலர் கிடைக்காது. காபிப்பொடி கலர் வேற கதை, அது சுத்தி இருக்கறத விட மங்கலா இருக்குற ஆரஞ்சு. மொபைல்ல படம் வரையற ஆப் எதுலயாவது ஆரஞ்சை எடுத்து வெள்ளை பேக்ரவுண்ட்ல வச்சு கொஞ்சம் கொஞ்சமா கருக்கிக்கிட்டே போங்க, ப்ரவுன் ஆகுறது உங்க கண்ணு முன்னாடியே நடக்கும்.

ஃபோன் ஸ்கிரீன்ல தெரியுற மஞ்சளும் அப்படித்தான். ஸ்கிரீன்ல சிவப்பு, பச்சை, நீல புள்ளி மட்டும் தான் இருக்கு. மஞ்சள் அதிர்வெண்ல ஒரு புள்ளியும் இல்ல, சிவப்பும் பச்சையும் எரிஞ்சா அது கூம்பு செல்களை உண்மையான மஞ்சள் எப்படி தூண்டுமோ அதே மாதிரி தூண்டுது, மூளைக்கு ரெண்டும் ஒண்ணு. ஸ்கிரீன் மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, லென்ஸ் மாதிரி ஆகி புள்ளி தனித்தனியா தெரியும்.

கே: கடையில பாத்த சேலை கலர் வீட்டுக்கு வந்தா மாறிடுதே, ஏமாத்துறாங்களா?

சேலையை எடுத்துக்கிட்டு கடை வாசலுக்கு போய் வெயில்ல பிரிச்சு பாக்குற நம்ம வீட்டு பெண்கள் செய்யிறது சுத்தமான அறிவியல். எங்க அம்மா அப்படி பாக்காம ஒரு சேலை எடுத்ததில்ல.

துணிக்கு சொந்தமா வெளிச்சம் இல்ல, தன் மேல விழறதுல சில அதிர்வெண்ணை உறிஞ்சிட்டு மீதியை திருப்பி விடுது. விழாத அதிர்வெண்ணை அது எப்படி திருப்பும்? வெயில்ல எல்லா அதிர்வெண்ணும் ஒழுங்கா கலந்து இருக்கு. இப்போ கடைகள்ல இருக்குற வெள்ளை எல்ஈடி உள்ளுக்குள்ள நீல எல்ஈடி தான், 450 நானோமீட்டர் பக்கம் உயரமா ஒரு முனை, அது மேல மஞ்சள் பாஸ்பர் பூச்சு, அந்த நீலத்துல ஒரு பகுதியை பூச்சு உறிஞ்சி மஞ்சளா பரப்பி விடுது, ரெண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. (அந்த நீல எல்ஈடியை உருவாக்கினதுக்குத் தான் அகசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014 நோபல் பரிசு.) இந்த வெள்ளையில ஆழமான சிவப்பு கம்மி, 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம். அரக்கு கலர் சேலை அதனால தான் கடையில மங்கி, வெயில்ல உயிரோட தெரியுது.

மேட்சிங் ப்ளவுஸ் பிட்டு தான் இன்னும் பெரிய வேதனை. சேலையில ஒரு சாயம், பிட்டுல வேற சாயம், ரெண்டும் திருப்பி விடுற அதிர்வெண் கலவை வேற வேற, ஆனா கடை லைட்ல அந்த ரெண்டு கலவையும் கூம்பு செல்லுக்கு ஒரே மூணு நம்பரை குடுத்துடுது, பக்காவா மேட்ச். மண்டபத்துல வேற லைட், அங்க நம்பர் மாறிடுது, மேட்ச் போச்சு. கடைக்காரர் மேல தப்பு இல்ல. ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது, பல்ப் வாங்கும்போது டப்பாவுல சிஆர்ஐ (கலரை எவ்வளவு நிஜமா காட்டும்ங்கிற அளவு) எவ்வளவுன்னு பாரு, 90க்கு மேல இருந்தா வெயிலுக்கு நெருக்கமா காட்டும், சாதா எல்ஈடி 80 தான் இருக்கும். மாத்தினான், அவன் கடையில இப்போ வாசலுக்கு ஓடுறவங்க கம்மி.

மயில் கழுத்து கலர் மட்டும் தனி அழகு. பாவு ஒரு கலர் நூல், ஊடு வேற கலர் நூல், அதனால மடிப்பு அசையும்போது ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். நிஜ மயில் இறகுல அந்த நீலமும் பச்சையும் சாயத்தால வரல, இறகுக்குள்ள அலைநீள அளவுல அடுக்கி இருக்குற நுண்ணிய அமைப்பு சில அதிர்வெண்ணை மட்டும் பலமா திருப்புது.

கே: மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா ஏன் சிவப்பாகுது?

ஆரத்தி தண்ணி! மஞ்சள்ல இருக்குற குர்குமின் ஊதா-நீல பக்கத்தை, 425 நானோமீட்டர் சுத்தி, உறிஞ்சுது. நீலத்தை எடுத்துட்டா மீதி நமக்கு மஞ்சளா தெரியும். சுண்ணாம்பு காரம், காரம் பட்டதும் குர்குமின் மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து எலக்ட்ரான் அமைப்பு மாறுது, இன்னும் குறைஞ்ச அதிர்வெண்ணையும், அதாவது பச்சை பக்கத்தையும் உறிஞ்ச ஆரம்பிச்சுடுது. நீலமும் போய் பச்சையும் போனா மிஞ்சுறது சிவப்பு. வெள்ளை வேட்டியில விழுந்த சாம்பார் கறை சோப்பு போட்டதும் சிவக்குறதும் இதே தான்.

கே: வானம் ஏன் நீலம்? ஊதா தானே இன்னும் அதிகமா சிதறணும்?

காத்து மூலக்கூறு வெளிச்சத்தை சிதறடிக்கிற அளவு அதிர்வெண்ணோட நாலாம் அடுக்கைப் பொறுத்து கூடும், ராலே சொன்ன விதி. 400 நானோமீட்டர் ஊதா 700 நானோமீட்டர் சிவப்பை விட ஒன்பது மடங்குக்கு மேல சிதறும். அப்போ வானம் கத்திரிப்பூ கலர்ல இல்ல இருக்கணும்? ஆனா சூரியன் அனுப்புறதுலயே ஊதா நீலத்தை விட கம்மி, மேல காத்து மண்டலத்துல கொஞ்சம் போயிடுது, முக்கியமா நம்ம கண்ணுக்கு ஊதா மேல உணர்வு ரொம்ப கம்மி. மூணு கூம்பு செல்லும் சேர்ந்து குடுக்குற முடிவு நீலம். இங்கயும் பாருங்க, பாதி பதில் வானத்துல, பாதி பதில் கண்ணுல.

சிவப்பு கம்மியா சிதறுது, அதனால பனிமூட்டத்துல நல்லா தெரியும், அதான் சிக்னல்ல சிவப்புன்னு எழுதினா மார்க் கிடைக்கும், ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பனித்துளி வெளிச்சத்தோட அலைநீளத்தை விட பல மடங்கு பெருசு, அது எல்லா கலரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும், மேகமும் பனியும் வெள்ளையா இருக்குறதே அதனால தான்.

கடல் நீலத்துக்கு வர்றேன். வானத்தை பிரதிபலிக்கிறதால தான் கடல் நீலம்னு அப்போ நம்பினாங்க. திருச்சியில பிறந்த சி.வி. ராமன் 1921ல இங்கிலாந்துல இருந்து கப்பல்ல திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலைப் பாத்து அதுல சந்தேகப்பட்டாரு. கையில இருந்த நிக்கோல் முப்பட்டகத்தை வச்சு தண்ணி மேல பட்டு வர்ற வானத்து வெளிச்சத்தை வெட்டிட்டு பாத்தாரு, அப்பவும் கடல் நீலமா தான் இருந்துச்சு. தண்ணி மூலக்கூறே வெளிச்சத்தை சிதறடிக்குதுன்னு காட்டினாரு. தண்ணி சிவப்பை கொஞ்சம் உறிஞ்சுறதும் அந்த நீலத்துக்கு ஒரு காரணம்.

கே: அப்போ அதிர்வெண் மாறவே மாறாதா?

கண்ணாடிக்குள்ள தண்ணிக்குள்ள போறதால மாறாது. ஆனா மாத்துற வழிகள் இருக்கு, அதுல முக்கியமானது அந்த கடல் கேள்வியில இருந்து தான் வந்துச்சு. திரவத்துல சிதறுற வெளிச்சத்தை ராமன் தொடர்ந்து ஆராய்ஞ்சாரு, கல்கத்தாவுல, கூட வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28, ஒரே அதிர்வெண்ல உள்ள வெளிச்சம் போகுது, வெளிய வர்றதுல அந்த அதிர்வெண்ணோட கூடவே மங்கலா புது அதிர்வெண்களும் இருக்கு. ஃபோட்டான் தன் சக்தியில கொஞ்சத்தை மூலக்கூறோட அதிர்வுக்கு குடுத்துட்டு குறைஞ்ச அதிர்வெண்ணோட வருது, எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாத்தா எந்த மூலக்கூறுன்னே சொல்லிடலாம். 1930ல நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். இன்னைக்கு மருந்து போலியான்னு பாக்குறதுல இருந்து வைரம் அசலான்னு பாக்குற வரைக்கும் ராமன் கருவி வேலை செய்யுது.

வீட்டுலயே ஒண்ணு இருக்கு. வாஷிங் பவுடர்ல கலந்திருக்குற வெளுப்பான் கண்ணுக்கு தெரியாத யூவியை வாங்கி நீலமா திருப்பி விடுது, பழசாகி மஞ்சளடிச்ச சட்டை வெள்ளையா தெரியுது. சொட்டு நீலம் வேற, அது வெறும் சாயம், மஞ்சள் பக்கத்தை உறிஞ்சி சமன் பண்ணுது, அதிர்வெண்ணை மாத்தல.

பச்சை லேசர் பாயிண்டர்ல வேற வித்தை. உள்ள 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு உருவாகி, ஒரு படிகம் ரெண்டு ஃபோட்டானை ஒண்ணாக்கி அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 பச்சையா விடுது. மலிவான பாயிண்டர்ல மிச்ச அகச்சிவப்பை தடுக்குற ஃபில்டர் இல்லாம இருக்கலாம், கண்ணுக்கு தெரியாம உள்ள போய் சுடும், கண்ணு கூசாது, இமையும் மூடாது. பசங்க கையில விளையாட்டுக்கு குடுக்காதீங்க, இத கெஞ்சி கேக்குறேன்.

கடைசியா டாப்ளர் விளைவு. வெளிச்சம் விடுற பொருள் நம்மள நோக்கி வந்தா அதிர்வெண் கூடும், விலகி போனா குறையும். 1909ல கொடைக்கானல் வானியல் கூடத்துல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளோட நிறமாலைக் கோடுகள் (வெளிச்சத்தை அதிர்வெண் வாரியா பிரிச்சா தெரியுற கோடுகள்) துளியூண்டு நகர்ந்து இருக்குறத கவனிச்சாரு, புள்ளியோட வெளி விளிம்பை நோக்கி வாயு பாயுதுன்னு அதுல இருந்து தான் தெரிஞ்சுது. எவர்ஷெட் விளைவுன்னு உலகம் முழுக்க பாடத்துல இருக்கு, நம்ம பசங்க கொடைக்கானலுக்கு டூர் போனா படகு விட்டுட்டு குதிரை ஏறிட்டு வந்துடுறாங்க, அங்க ஒரு தடவை போய் பாருங்கப்பா.

சிக்னல்ல சிவப்பை பச்சையா பாக்க எவ்வளவு வேகமா போகணும்னு ஒரு பையன் கேட்டான், நொடிக்கு ஏறக்குறைய 55,000 கிலோமீட்டர்.

கே: ரசம் பொங்கி அடுப்புல வழிஞ்சா நீல ஜ்வாலை ஏன் மஞ்சளாகுது?

உப்பு. உப்புல இருக்குற சோடியம் சூட்டுல 589 நானோமீட்டர்ல, அதாவது 509 டெராஹெர்ட்ஸ் பக்கம், நெருக்கமா ரெண்டு கோடா வெளிச்சம் விடும், ஒரு சிட்டிகை போதும், ஜ்வாலை முழுக்க மஞ்சள். பர்னர் அடைச்சு காத்து சரியா போகாதப்பவும் மஞ்சளாகும், பாத்திர அடி கரிபிடிக்கும், அது சோடியம் இல்ல, எரியாத கரித்துகள் சூடாகி ஒளிர்றது, அதுல எல்லா அதிர்வெண்ணும் கலந்து இருக்கும். கண்ணுக்கு ரெண்டும் மஞ்சள், முப்பட்டகத்துக்கு ரெண்டும் சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயம்.

இந்த மஞ்சள் கோட்டுக்கு நம்ம பக்கத்துல ஒரு பெரிய கதை இருக்கு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம், பாதை ஆந்திரா பக்கம் போச்சு. பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூர்ல, மெட்ராஸ் வானியல் கூடத்து நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துல, நிறமாலைக் கருவியோட உக்காந்திருந்தாங்க. சூரியனோட விளிம்புல எழும்புற வாயுச் சுடரோட நிறமாலையில ஒரு மஞ்சள் கோடு. சோடியமா இருக்கும்னு தான் முதல்ல நினைக்கத் தோணும். அதே வருஷம் அக்டோபர்ல இங்கிலாந்துல லாக்யர் கிரகணம் இல்லாமலே பாத்து இது சோடியம் கோடு இல்ல, கொஞ்சம் தள்ளி இருக்குன்னு உறுதிப்படுத்தினாரு. 587.6 நானோமீட்டர், சோடியத்துக்கும் இதுக்கும் ஒண்ணரை டெராஹெர்ட்ஸ் தான் வித்தியாசம். பூமியில அப்போ தெரிஞ்ச எந்த தனிமத்துக்கும் அந்த அதிர்வெண் கிடையாது, அதனால சூரியனுக்கு கிரேக்கத்துல என்ன பேரோ அதை வச்சு ஹீலியம்னு பேர் வந்துச்சு. 1895ல தான் ராம்சே பூமியில அதை பிடிச்சாரு. கண்ணு ஒரே மஞ்சள்னு தான் சொல்லியிருக்கும், அதிர்வெண்ணை அளந்ததால ஒரு தனிமமே கிடைச்சுது.

கே: சூரிய வெளிச்சத்தோட உச்சம் பச்சையிலன்னா சூரியன் ஏன் பச்சையா இல்ல?

அலைநீளத்தை வச்சு கிராஃப் போட்டா உச்சம் 500 நானோமீட்டர் பக்கம் வருது. அதே வெளிச்சத்தை அதிர்வெண்ணை வச்சு போட்டா உச்சம் 340 டெராஹெர்ட்ஸ் பக்கம் போயிடும், அது அகச்சிவப்பு! சம இடைவெளியை எதுல பிரிக்கிறோம்ங்கிறத பொறுத்து மாறுற உச்சம் அது, அதனால அந்த உச்சத்தை வச்சு கலர் சொல்ல முடியாது. எல்லா அதிர்வெண்ணும் தாராளமா வருது, மூணு செல்லும் நல்லா தூண்டப்படுது, அதனால வெள்ளை. காலை மாலையில செவப்பா தெரியுறது நடுவுல இருக்குற காத்தால.

கே: சிவப்புக்கு கீழயும் ஊதாவுக்கு மேலயும் இருக்குன்னு எப்படி கண்டுபிடிச்சாங்க?

1800ல ஹெர்ஷல் நிறமாலையில ஒவ்வொரு கலர்லயும் தெர்மாமீட்டர் வச்சாரு, சிவப்பைத் தாண்டி வெறும் இருட்டா இருந்த இடத்துல சூடு இன்னும் ஏறுச்சு. அடுத்த வருஷமே ரிட்டர் ஊதாவைத் தாண்டின இடத்துல சில்வர் குளோரைடு கருக்குறத பாத்தாரு. டிவி ரிமோட்டை ஃபோன் செல்ஃபி கேமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அமுக்குங்க, நிறைய ஃபோன்ல முனையில லேசா ஒளி மினுக்கும், அது 940 நானோமீட்டர், கண்ணுக்கு தெரியாது கேமரா சென்சாருக்கு தெரியும். தேனீக்கு யூவி தெரியும், சிவப்பு தெரியாது, நாம வெறும் மஞ்சள்னு நினைக்கிற சில பூவுல அதுக்கு நடுவுல கருப்பா வழிகாட்டும் கோலம் தெரியுது.

கே: மொபைல் நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா?

ஸ்கிரீன்ல வர்ற நீலம் பகல்ல வெளிய நிக்கும்போது கண்ணுக்கு வர்ற நீலத்தோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்ப கம்மி. விழித்திரையை கெடுக்குதுங்கிறதுக்கு நல்ல ஆதாரம் இல்ல, அமெரிக்க கண் மருத்துவர் சங்கமும் ப்ளூ கட் கண்ணாடியை பரிந்துரைக்கல. ஆனா விழித்திரையில 480 நானோமீட்டர் பக்கம் உணர்ற தனி செல் ஒண்ணு இருக்கு, அது மூளைக்கு பகலா ராத்திரியான்னு சொல்லும், படுக்குற நேரத்துல ஸ்கிரீனை பாத்தா தூக்கம் தள்ளிப் போகலாம். நிஜமா பயப்பட வேண்டியது வெல்டிங் பட்டறையை வேடிக்கை பாக்குறதுக்கும் கிரகணத்தை வெறும் கண்ணால பாக்குறதுக்கும் தான்.

கே: நொடிக்கு இத்தனை லட்சம் கோடி அதிர்வை யாராவது எண்ணியிருக்காங்களா?

எண்ணியிருக்காங்க! ரொம்ப நாள் அலைநீளத்தை அளந்து கணக்கு போட்டு தான் அதிர்வெண் சொன்னாங்க, எந்த எலக்ட்ரானிக் கருவியும் அவ்வளவு வேகமா எண்ணாது. பிறகு அதிர்வெண் சீப்புன்னு ஒரு லேசர் நுட்பம் வந்துச்சு, சீப்போட பல்லு மாதிரி சம இடைவெளியில லட்சக்கணக்கான அதிர்வெண், அதை அளவுகோலா வச்சு நேரடியா எண்ணலாம், ஹால், ஹேன்ஷ் ரெண்டு பேரும் அதுக்காக 2005 நோபல் பரிசுல பங்கு வாங்கினாங்க. ஸ்ட்ரான்சியம் அணுக்கடிகாரம் ஓடுறதே 429 டெராஹெர்ட்ஸ் சிவப்பு வெளிச்சத்துல தான், அந்த நம்பர் கடைசி ஹெர்ட்ஸ் வரைக்கும் தெரியும். வெளிச்சத்தோட அளவான கேண்டெலாவையும் 540 டெராஹெர்ட்ஸ் பச்சையை வச்சு தான் வரையறுத்திருக்காங்க, பகல்ல நம்ம கண்ணு அதிகமா உணர்ற இடம் அது.

கே: முப்பட்டகம் இல்லாம வீட்டுல நிறமாலை பாக்க முடியுமா?

பழைய சிடி ஒண்ணு போதும். அதுல தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில வரிசையா இருக்கு, அது வெளிச்சத்தை அதிர்வெண் வாரியா பிரிக்கும். ராத்திரி மத்த லைட்டை அணைச்சுட்டு, ஒரு அட்டைப்பெட்டியில பிளேடால நூல் கனத்துக்கு ஒரு கீறல் போட்டு, உள்ள சிடியை சாய்வா ஒட்டி, மேல பாக்குறதுக்கு ஒரு ஓட்டை. கீறலை பல்ப் பக்கம் திருப்புங்க. குண்டு பல்புன்னா சிவப்புல இருந்து ஊதா வரைக்கும் இடைவெளி இல்லாத பட்டை, எல்ஈடின்னா நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல மங்கின பள்ளம், பழைய டியூப்லைட் இருந்தா பச்சையில பளிச்சுனு ஒரு கோடு, அது 546 நானோமீட்டர், உள்ள இருக்குற பாதரசம். பகல்ல வெள்ளைச் சுவர் மேல விழுற வெயிலைப் பாருங்க, சூரியனை நேரா பாக்கவே கூடாது. கீறல் ஒல்லியா இருந்தா பட்டைக்கு குறுக்க மெல்லிசா கருப்புக் கோடு தெரியும், பொறுமையா பாக்கணும், மஞ்சள் பக்கம் ஒண்ணு தெரிஞ்சா அது சூரியன்ல இருக்குற சோடியம், நம்ம ரசம் வழிஞ்சப்போ அடுப்புல பாத்த அதே 589.